ஆகவே போட இரண்டு படி

அந்த அக்காவிடம் எந்தச் சண்டையைக் கொண்டுபோனாலும் முதலில் எதிராளிக்காகப் பேசுவார்.

பிள்ளைப்பாக்கத்தில் என் மாமனார் வீட்டுக்குப் பின்னால் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். சுற்றிலும் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். மூன்று அறைகளில் வயர் கம்பெனிக்குப் போகிற பெண்கள். கடைசி அறையில் அக்கா. தனி ஆள். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் ஆபீஸில் டைப்பிங் வேலை என்றார். என்ன ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நானும் மனைவியும் மாமனார் வீட்டிலேயே இருந்தோம். நான் எட்டாவது வரை படித்தவன். ஒரகடம் ரோட்டில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினேன்.

ஒரு நாள் மாமனார், இனி காலையில் மட்டும்தான் மோட்டார் போடுவேன் என்று சொல்லிவிட்டார். பெண்கள் அக்கா அறை முன்னால் கூடினார்கள். ஷிப்ட் முடிந்து வந்தால் முகம் கழுவத் தண்ணீர் இல்லை என்று ஒருத்தி அழுதாள்.

"அவர் ஏன் நிப்பாட்டினார்?" என்று அக்கா கேட்டார்.

"திமிருதான். வூட்டுக்காரர் இல்ல?"

"திமிருன்னா நேத்தும் இருந்திருக்கும்லா. நேத்து ஏன் போட்டார்?"

ஒருத்தி, மோட்டார் இரண்டு முறை எரிந்துபோனதைச் சொன்னாள். இன்னொருத்தி, குழாயை மூடாமல் வேலைக்குப் போனது தான்தான் என்றாள். அக்கா எல்லாவற்றையும் எழுதினார். மாமனாருக்கு நான் படித்துக் காட்டினேன். மோட்டார் எரிந்தது எங்களுக்குத் தெரியும். குழாயை மூடுவதற்கு முறை போட்டு ஒரு ஆள் பார்த்துக்கொள்வோம். சாயங்காலம் இருபது நிமிடம் தண்ணீர் வேண்டும். அவ்வளவுதான்.

மாமனார் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சொல்ல வந்ததெல்லாம் இதுவே சொல்லிட்சி. அப்றம் நான் இன்னாத்த சொல்றது?" என்றார். அன்று சாயங்காலம் மோட்டார் ஓடியது.

என் மனைவிக்கு அக்காவைப் பிடிக்காது. எனக்கும் மனைவிக்கும் ஒரு சண்டை வந்தபோது அவளே போய் அக்காவைப் பஞ்சாயத்துக்குக் கூட்டிவந்தாள். அக்கா அவளைப் பார்த்து, "முதல்ல உன் வீட்டுக்காரர் மாதிரி பேசு. அவருக்கு என்ன கோவம்?" என்றார். என்னைப் பார்த்து, "நீ அவள மாதிரி பேசு" என்றார். நான் எனக்காகவே பேசத் தெரியாதவன். சும்மா உட்கார்ந்திருந்தேன். மனைவி என் குரலில் ஆரம்பித்து, பாதியில் சிரித்து, பிறகு அழுதாள். சண்டை தீர்ந்துவிட்டது. ஆனாலும் அவள் சொன்னாள்: "அது யார் பக்கம்னே தெரியலயே. அப்டியாப்பட்ட ஆளுகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், அக்கா வகுப்பு எடுப்பார். கம்பெனியில் விளக்கம் கேட்டு மெமோ வாங்கியவர்கள் வருவார்கள். அதனால் மெமோ கிளாஸ் என்று பெயர் வந்துவிட்டது. அவர் யாருக்கும் பதில் எழுதிக் கொடுக்க மாட்டார். எழுதச் சொல்லித் தருவார். மண்ணூரிலிருந்துகூட சைக்கிளில் ஆள் வரும். சம்பளம் கிடையாது. ஒரு பக்கம் அடித்த கம்ப்யூட்டர் காகிதம் கம்பெனியில் வீணாகக் கிடக்கும். அதில் ஒரு கட்டு நான் கொண்டுவந்து கொடுப்பேன். அதற்காக மாடிக்குப் போனவன், அப்படியே உட்கார ஆரம்பித்தேன்.

காகிதத்தை நீளவாக்கில் மடிக்கச் சொல்வார். மடிப்பின்மேல் நகத்தால் ஒரு இழுப்பு. அது அவர் பழக்கம். இடது பக்கம் எதிராளிக்கு. வலது பக்கம் நமக்கு. இடது பக்கம் நிறையாமல் வலது பக்கம் ஒரு எழுத்து எழுத விடமாட்டார்.

"அவனுக்காக நீ பேசலன்னா அவனே வந்து பேசுவான். அப்பம் தாங்க மாட்டே" என்பார்.

எழுதுகிற முறையும் ஒன்று வைத்திருந்தார். மூன்று தலைப்பு. நடந்தது. தெரிந்தது. ஆகவே. ஒரு வரியில் ஒரு விஷயம். 'மிகவும்' என்று யாராவது எழுதினால் சிவப்புப் பேனாவால் அடிப்பார். "தெரிந்ததுக்குக் கீழ ஒரே ஒரு விஷயம் இருந்தா ஆகவே போடாதே. ரெண்டு படி வேணும். ஒத்தப் படியில ஏறி ஆகவேன்னு சொன்னா, ஒருத்தன் தொட்டாலே விழுந்துருவ."

ஒரு வெல்டர் வந்தார். வேலை நேரத்தில் தூங்கினார் என்று மெமோ. 'நான் எப்போதும் தூங்கியதில்லை' என்று எழுதியிருந்தார்.

"எப்போதும்னா? பொறந்ததுல இருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"டூட்டிலக்கா."

"அப்பம் அதை எழுது. அன்னைக்கு மட்டும் எழுது. மத்த நாளையெல்லாம் எதுக்கு இழுத்துட்டு வார?"

பிறகு அவரை எதிரில் நிற்கவைத்து, அக்கா அதிகாரி ஆனார். அவர் குரல் மாறியது. திருநெல்வேலிப் பேச்சு போய்விட்டது. "வாங்க, உட்காருங்க. எத்தனை வருஷம் சர்வீஸ் உங்களுக்கு? வீட்ல குழந்தைங்க நல்லா இருக்காங்களா? டீ சொல்லட்டுமா?" என்றார். வெல்டர் உட்கார்ந்தார். இல்லாத டீயைக் குடிக்கிற முகம் வந்துவிட்டது அவருக்கு. "கண்ணு கொஞ்சம் அசந்திருக்கும், இல்லையா? மனுஷன்தானே" என்றார் அக்கா.

"ஆமாங்க" என்றார் வெல்டர்.

அக்கா தன் குரலுக்குத் திரும்பி, "முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போ" என்றார். "சத்தம் போடுறவனுக்குப் பயப்படாதே. டீ குடுக்கறவன்கிட்ட கவனமா இரு."

எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்தக் குரல் அத்தனை சரியாக இருந்தது. அதை எங்கே கேட்டிருப்பார் என்று ஒரு யோசனை வந்தது. நான் கேட்கவில்லை.

பிரஸ் மிஷினில் இரண்டு பொத்தான் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தகட்டை வெட்டுகிற மேல் டை இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் வேகம் வராது. எங்கள் மிஷினில் இடது பொத்தானை அமுக்கியபடி டேப் ஒட்டியிருந்தது. நான் அந்த ஷிப்டுக்குப் போன முதல் நாளிலிருந்தே இருந்தது. சூப்பர்வைசர் தினமும் அதன் பக்கத்தில் நின்றுதான் எண்ணிக்கை எழுதுவார்.

ஒரு காலை ஷிப்டில் என் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு சூப்பர்வைசர் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்தார். "நீயே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா டூட்டில சேத்துக்கறதுக்கு ஈசியா இருக்கும்" என்றார். வலது கை நன்றாகத்தான் இருந்தது. எழுதினேன். மிஷினில் வேலை செய்யும்போது கையில் அடிபட்டுவிட்டது, குணமானதும் வேலைக்கு வருகிறேன், மன்னிக்கவும்.

கட்டுப் பிரித்த வாரம், டேப் ஒட்டியது நான்தான் என்று கம்பெனியிலிருந்து குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, இரண்டு நாளில் பதில் தரவும். பிறகு விசாரணை.

வாசலில் நின்று படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தக் கடிதம் தண்ணீர் மாதிரிப் போனது. ஒரு வரியில் ஒரு விஷயம். ஒரு 'மிகவும்' இல்லை. மூன்று தலைப்பு.

நடந்தது. தெரிந்தது. ஆகவே.

அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஆமா. நான்தான் அடிச்சேன்" என்றார்.

"பேர் பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"அப்றம்?"

"அப்பறம் அடிச்சேன்."

துணியை மடித்தார். நகத்தால் மடிப்பில் ஒரு இழுப்பு. "எங்க ஆபீஸ் சார் கம்பெனிகளுக்குத்தான் இந்த மாதிரி லெட்டர் எல்லாம் எழுதுவார். அவர் விஷயத்தைச் சொல்வார், தமிழ்ல எழுதி அடிக்கறது நான். சம்பளம் வாங்குதேன் தம்பி. அரைகுறையா அடிச்சா அது அவருக்குச் செய்யற துரோகம்."

"எனக்கு?"

"உனக்கு மாடியில சொல்லியாச்சு. இந்தக் காகிதத்தைப் பத்தி இனிமே என்கிட்ட பேசாதே. நானும் பேச மாட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டார்.

என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நம்ப வூட்லயே குந்திகினு நமக்கே குழி வெட்டுது. இன்னைக்கே காலி பண்ணச் சொல்லு எங்கப்பாவ." நான் போய்ச் சொல்லவில்லை. மாமனாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. அவர் மோட்டார் சமாசாரத்தை மறக்கவில்லை.

எட்டு விரலோடு வெளியே போனால் வேறு கம்பெனியில் பிரஸ் மிஷின் பக்கம் விடமாட்டார்கள். வேறு வேலை எனக்குத் தெரியாது. மகள் முதல் வகுப்பு போய்க்கொண்டிருந்தாள்.

காகிதத்தை மடித்தேன். இடது பக்கம் கம்பெனிக்காக எழுதினேன். இடது பொத்தானில் டேப் இருந்தது. டேப் இருந்தால் ஒரு கையால் ஓட்டலாம். ஒரு கையால் ஓட்டினால் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை கூடினால் ஓட்டுகிறவனுக்கு நல்ல பேர். எழுத எழுத, டேப் ஒட்டியவன் நான்தான் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

பிறகு கடிதத்தைத் திரும்பப் பார்த்தேன். தெரிந்தது என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரி. 'நடந்ததற்கு உமது கடிதத்தில் மன்னிப்புக் கேட்டுள்ளீர்.' அதற்குக் கீழே, ஆகவே. 'ஆகவே பொத்தானில் டேப் ஒட்டியது நீரே.'

ஒத்தைப் படி.

அந்தப் படியைத் தட்டினால் போதும். ஆனால் தட்ட வழி தெரியவில்லை. தப்பு செய்யாதவன் ஏன் மன்னிப்புக் கேட்டான்? இடது பக்கத்தில் எழுதினேன். வலது பக்கம் காலியாக இருந்தது. மறுநாள் காலை வரை காலியாகவே இருந்தது.

காலையில் மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் கேட்டாள் மனைவி. எழுதினேன். என் மகளுக்குக் காய்ச்சல் என்பதால் இன்று ஒரு நாள் விடுப்பு. பேனா தானாகவே அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. மன்னிக்கவும்.

நிறுத்தினேன். காய்ச்சலுக்கு யாரை மன்னிக்கச் சொல்கிறேன்?

அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். லெட்டர் என்றால் ஐயா என்று ஆரம்பிக்கும், மன்னிக்கவும் என்று முடியும். கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். கீழே புள்ளி வைக்கிற மாதிரி.

வலது பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

பதில் கடிதத்தில் இரண்டே வரி கொடுத்தேன். டேப் ஒட்டியது நான் இல்லை. மற்றதை விசாரணையில் சொல்கிறேன்.

விசாரணை கம்பெனியில் ஏசி அறையில் நடந்தது. விசாரிக்க வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கம்பெனிக்காகப் பேச இன்னொருவர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. "வாங்க, உட்காருங்க. காயம் ஆறிடுச்சா? டீ சொல்லட்டுமா?" என்றார்.

அதே குரல். அக்கா அதை எங்கே கேட்டார் என்று அப்போது தெரிந்தது. இவர்தான் அவருடைய சார்.

டீ வந்தது. நான் தொடவில்லை.

"இந்த லெட்டர் உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"யாரும் மிரட்டி எழுத வைக்கலையே?"

"இல்ல சார்."

"மன்னிக்கவும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தப்பு பண்ணாதவங்க மன்னிப்புக் கேப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

"என் ஃபைலைக் கொண்டாரச் சொல்லுங்க சார். என் லீவு லெட்டர் எல்லாம் அதுல இருக்கும்."

அவர் சிரித்தார். விசாரிக்க வந்தவர் சிரிக்கவில்லை. கொண்டுவரச் சொன்னார். ஆறு லெட்டர் இருந்தது. ஒவ்வொன்றாக நானே படித்தேன். மெதுவாகத்தான் வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. காய்ச்சலுக்கு லீவு, மன்னிக்கவும். மச்சினிச்சி கல்யாணத்துக்கு லீவு, மன்னிக்கவும். மழையில் வடக்குப்பட்டு ரோட்டில் பஸ் வரவில்லை, மன்னிக்கவும்.

கடைசி லெட்டர். 'ஐயா, என் தகப்பனார் இன்று காலை இறந்துவிட்டார். ஆதலால் மூன்று நாள் விடுப்பு வேண்டும். மன்னிக்கவும்.'

"எங்கப்பா செத்ததுக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கேன் சார்" என்றேன். "அதுவும் நான் செஞ்சதுதானா?"

டீயில் ஆடை படிந்திருந்தது. விசாரிக்க வந்தவர் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி, டேப் ஒட்டியதைப் பார்த்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். இல்லை. வேறு காகிதம்? இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"யாரும் இல்ல சார்."

குற்றம் நிரூபணமாகவில்லை என்று கடிதம் வந்தது. ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். மனைவி சர்க்கரைப் பொங்கல் செய்தாள். ஒரு கிண்ணத்தில் அக்காவுக்கும் வைத்தாள். "கொண்டுபோய்க் குடு. லெட்டர்ல ஓட்டை வச்சுத்தான் அடிச்சிக்கீது அது. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அவளுக்கு அப்போது தெரியாது.

அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். நான் நின்றேன். வேண்டுமென்றே ஒரு படியை விட்டாயா என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. டேப் ஒட்டியது நான் இல்லை என்று அவரிடமும் சொல்ல வேண்டும். விசாரணையில் சொன்னேன். அங்கே எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவரிடம் அதுவரை சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் அவரே வந்தார். கையில் மடித்த காகிதம்.

"நான் இந்த வீட்ல குடியிருக்கறது சாருக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்குள்ள விளக்கம் கேட்டிருக்கார்" என்றார். "அவர் பக்கத்தை எழுதிப் பாத்தேன். எனக்கு எதிரா எனக்கு எழுத வரல. வலு இல்லாம வருது. நீ எழுது தம்பி."

"நானாக்கா?"

"உனக்குத்தான் வரும். தயவு பாக்காதே. தயவு பாத்து எழுதினா நாளைக்கு அங்க நான் விழுந்துருவேன்."

உட்கார்ந்தேன். நன்றாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பார்க்கப்போகிறார் என்ற நினைப்புதான் இருந்தது. மூன்று தலைப்பு போட்டேன்.

நடந்தது. இவர் அடித்த குற்றச்சாட்டு விசாரணையில் நிற்கவில்லை.

தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் இவர் குடியிருக்கிறார். ஆகவே என்று எழுத இரண்டு படி வேண்டும் என்று ஊருக்கே கற்றுத் தருகிறவர் இவர். அந்த ஒரு கடிதத்தில் மட்டும் ஒரு படி வைத்து அடித்திருக்கிறார்.

ஆகவே அந்த ஓட்டையை வேண்டுமென்றே விட்டவர் இவரே.

அக்கா படித்தார். இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. மடிப்பின்மேல் நகத்தை வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்தார்.

"படி சரியா இருக்கு" என்றார். "ஆகவே சரியான இடத்துல விழுந்திருக்கு. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

"நெசமாவே வுட்டியாக்கா?"

என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிற மாதிரி இருந்தது. கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் விளக்கம் கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வேலை போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்தவர்களை, இனிமேல் வர வேண்டாம் என்று கீழேயே நின்று அனுப்பினார். சாயங்காலம் ஒரு பெட்டி, ஒரு பை. மாமனார் ரோடு வரை போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். எந்த ஊருக்கு டிக்கெட் என்று அவரும் கேட்கவில்லை.

அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. இடது பக்கம் என் கையெழுத்து. வலது பக்கம் காலி. பல வருடம் அதை எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். அதற்கான பதில் அக்காவிடம் இருக்க வழியே இல்லை என்று பின்னால்தான் புரிந்தது. பதில் என்னிடம்தான் இருந்தது. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே அந்தப் பக்கம் நிறைந்திருக்கும்.

இப்போது எழுதிவிட்டேன். இரண்டு வரிதான்.

டேப் ஒட்டியது நான் இல்லை. இல்லாத இரண்டாவது படியை அவர் எங்கிருந்து எடுத்து அடிப்பார்.